பென்சீன் குப்பியும் மெழுகுப் பென்சிலும்

போன வாரம் அஞ்சு போன் செய்தாள். நான் ஓய்வு பெற்ற பிறகு எங்கள் கல்லூரி வேதியியல் ஆய்வகத்தில் என் நாற்காலிக்கு வந்த லேப் அசிஸ்டன்ட் அவள். நெய்யாற்றின்கரைக்காரி. என்னோடு பேசும்போது மட்டும் தமிழை எடுத்து உடுத்திக்கொள்வாள்.

"சேச்சி, ஸ்டோர்ல இருந்த கடைசி பென்சீன் குப்பியும் இன்னைக்குப் போயாச்சு. கையுறை, மாஸ்க் எல்லாம் போட்டு ரெண்டு பேர் வந்து கொண்டுபோனாங்க. பாம்பு பிடிக்க வந்தவங்க மாதிரி இருந்தது, கேட்டோ!"

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அந்தப் பாம்பை முப்பது வருஷம் இடுப்பில் வைத்துத் தூக்கித் திரிந்தவள் நான். ஆய்வகத்து வாக்குவம் பம்பில் வேலை செய்து விரலெல்லாம் கிரீஸ் ஆனால், பஞ்சில் இரண்டு சொட்டு பென்சீன் விட்டுத் துடைத்துவிட்டுச் சோற்றுப் பாத்திரத்தைத் திறப்போம். அது ரத்தத்துக்கே உலை வைக்கும் சாமான் என்று அப்போது எங்களுக்கு யாரும் சொல்லவில்லை. இன்றைக்கு யாரும் அப்படிச் செய்துவிடாதீர்கள். கர்த்தர் கிருபையால் எனக்கு ஒன்றும் ஆகவில்லை, முட்டுவலியைத் தவிர. முட்டுவலிக்கு பென்சீன் காரணமில்லை, மூன்றாம் மாடி ஸ்டோர்ரூம்தான் காரணம்.

"சேச்சி குப்பியைத் திறந்தா மணத்தே இது பென்சீன், இது டொலுவீன்னு சொல்லுவீங்களாமே. நிஜமா, நேராணோ?" என்று அஞ்சு கேட்டாள்.

"நேருதான் மோளே. ஒரு தடவை தவிர" என்றேன்.

அந்த ஒரு தடவையைச் சொல்லு சொல்லு என்று அவள் பிடித்த பிடியில் பாதி கதைதான் போனில் சொல்ல முடிந்தது. எங்கள் தமிழ்ச் சங்கத்து மலருக்கும் 'உங்கள் உத்தியோக அனுபவம் ஏதாவது எழுதுங்கள்' என்று கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள். அதனால் முழுவதையும் இங்கே எழுதிவிடுகிறேன்.

என் ஊர் பாறசாலைக்குப் பக்கம். வீட்டில் தமிழ், பள்ளிக்கூடத்தில் மலையாளம், கோயிலில் பாட்டு மட்டும் இரண்டிலும். அப்பா ஆரியசாலையில் ஒரு தேங்காயெண்ணெய் மொத்தக் கடையில் நிறுவைக்காரர். நான் ப்ரீடிகிரி முடித்து, பரீட்சை எழுதி, லேப் அசிஸ்டன்டாக வேலைக்குச் சேர்ந்தபோது, "குப்பி கழுவுத வேலைக்கா இம்புட்டுப் படிப்பு?" என்று அம்மா கேட்டாள். அவள் கேட்டதில் தப்பில்லை. முதல் ஒரு வருஷம் குப்பிதான் கழுவினேன். கழுவக் கழுவ அதில் இருந்தது என்ன என்று தெரிந்துகொண்டேன்.

சேர்ந்த முதல் மாதம் ஒரு கூத்து. ஏதோ பரிசோதனைக்காக ஃப்ரிட்ஜில் வைத்திருந்த பென்சீன் குப்பியைக் காலையில் எடுத்தால், உள்ளே வெள்ளை வெளேரென்று கட்டியாக இருக்கிறது. யாரோ கலப்படம் செய்துவிட்டார்கள், பழி என் தலையில் விழப்போகிறது என்று பயந்துபோனேன். துறைத் தலைவி பார்கவி டீச்சரிடம் குப்பியைக் கொண்டுபோய் நீட்டினேன். டீச்சர் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு என்னைப் பார்த்தார்.

"எஸ்தரின்றெ அச்சன் எண்ணைக் கடையில் அல்லே? நல்ல வெளிச்செண்ணை தணுப்புக் காலத்து எந்து செய்யும்?"

"ஒறையும் டீச்சர். ஒறையலேன்னா அதுல வேற எண்ணெ கலந்திருக்குன்னு அப்பா சொல்லுவாரு."

"இதும் அப்படித்தான். அஞ்சரை டிகிரியில் ஒறையும். ஒறைஞ்சது கொண்டு இது நல்ல பென்சீன் என்று அறியலாம். போய் வேலை நோக்கு."

பார்கவி டீச்சர் எனக்காகப் பேசும் தமிழில் தமிழ் பாதி, மற்றது அவருடைய நல்ல மனசு. ஆனால் நல்ல மனசை அவர் முகத்தில் பார்க்க முடியாது. இரும்புப் பெட்டி மாதிரி முகம். குரலை உயர்த்தி நான் கேட்டதே கிடையாது. தப்புச் செய்தவனிடம் 'ஏன் செய்தாய்' என்று கேட்கவே மாட்டார். என்ன நடந்தது, எப்போது, எவ்வளவு என்று மூன்று கேள்வி கேட்பார். பதில் சொல்லி முடிப்பதற்குள் நமக்கே வெட்கமாகிவிடும். கஞ்சி போட்ட கைத்தறிச் சேலையில் ஒரு அமிலப் பொத்தல்கூட இல்லாமல் முப்பது வருஷம் வேதியியல் நடத்தியவர் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள். என் சேலைகளை எல்லாம் கொசுவலைக்குக்கூடக் கொடுக்க முடியாது.

பென்சீன் என்றால் டீச்சருக்கு ஒரு தனிப் பிரியம். வகுப்பில் முதல் நாள் கரும்பலகையில் ஓர் அறுகோணம் வரைவார். மூலைக்கு ஒரு கார்பன், ஒவ்வொன்றிலும் ஒரு ஹைட்ரஜன், உள்ளே ஒன்று விட்டு ஒன்றாக மூன்று இரட்டைப் பிணைப்பு. பிறகு புரோமின் நீரை எடுப்பார். இரட்டைப் பிணைப்பு இருக்கிற எண்ணெயில் அதை விட்டால் அதன் செம்பழுப்பு நிறம் உடனே போய்விடும். மூன்று இரட்டைப் பிணைப்பு உள்ள பென்சீனில் மூன்று மடங்கு வேகத்தில் போக வேண்டாமா? டீச்சர் குலுக்குவார். நிறம் போகாது. இன்னும் குலுக்குவார். ஊஹூம். பிள்ளைகள் முழிக்கும்போது, வரைந்த மூன்று கோட்டையும் அழித்துவிட்டு, அறுகோணத்துக்குள் ஒரு வட்டம் போடுவார். பிள்ளைகளுக்கு அதுதான் அன்றைய பாடம்.

எனக்குப் புரியவில்லை என்று ஒருநாள் டீ கொடுக்கும்போது கேட்டேன். அது ஓணம் நேரம். கீழே மாணவிகள் திருவாதிரைக்களி என்கிற வட்ட ஆட்டம் பழகிக்கொண்டிருந்தார்கள். டீச்சர் ஜன்னல் வழியே காட்டினார். வட்டமாக நின்று ஒவ்வொருத்தியும் இரண்டு பக்கத்துக்காரிகள் கையையும் ஒரே இறுக்கமாகப் பிடித்திருக்கிறாள். இதில் யார் யாருக்கு ஜோடி? யாருக்கும் யாரும் ஜோடியில்லை, எல்லாருக்கும் எல்லாரும். புரோமின் வந்து ஒரு ஜோடியைப் பிரித்துக் கூட்டிக்கொண்டு போகலாம் என்று பார்க்கிறது. ஒருத்தி கையை விட்டால் வட்டமே போய்விடும், அதனால் ஒருத்தியும் விடமாட்டாள். ஆனால் ஒருத்தி தலையிலுள்ள முல்லையை எடுத்துவிட்டுச் செம்பருத்தி வைத்தால்? வட்டத்துக்கு ஒன்றும் ஆகாது. பென்சீனும் அதுபோல ஹைட்ரஜனை விட்டுக்கொடுக்கும், வட்டத்தை விட்டுக்கொடுக்காது. அந்தக் குணத்துக்குத்தான் அரோமேட்டிக் என்று பேர். பேரில் வாசனை இருந்தாலும் விஷயம் வாசனையில் இல்லை என்றார். அதற்குமேல் நான் படித்ததில்லை, அதற்குமேல் எனக்குத் தேவைப்பட்டதும் இல்லை.

இனி அந்தப் பரீட்சைக்கு வருகிறேன்.

பி.எஸ்ஸி. செய்முறைத் தேர்வில் ஒவ்வொரு மாணவருக்கும் பெயர் சொல்லாத ஒரு பொருளைக் கொடுப்போம். எரித்து, கரைத்து, குலுக்கி, அது எந்த வகை என்று அவர்கள் கண்டுபிடித்து எழுத வேண்டும். எந்த மேஜைக்கு எந்தப் பொருள் என்ற பட்டியலை நான் எழுதுவேன், டீச்சர் கையெழுத்துப் போட்டு உறையில் ஒட்டுவார். வெளிக் கல்லூரியிலிருந்து வரும் எக்ஸ்டேர்னல் அதைப் பிரித்து விடைகளோடு ஒத்துப் பார்ப்பார்.

முந்தின நாள் குப்பிகளின் லேபிளை எல்லாம் உரித்துவிடுவது வழக்கம், பிள்ளைகள் எட்டிப் பார்த்துவிடக் கூடாதே. எனக்கு அடையாளம் வேண்டும் என்பதால் குப்பியின் தோளில் மெழுகுப் பென்சிலால் நானே ஒரு குறி போட்டுக்கொள்வேன். அந்த வருஷம் டீச்சர் குறும்பாக ஒரு ஜோடியைச் சேர்த்திருந்தார். ஒன்று பென்சீன், இன்னொன்று சைக்ளோஹெக்சேன். அதுவும் ஆறு கார்பன் வளையம்தான், ஆனால் அந்தப் பொதுப் பிடி கிடையாது, அரோமேட்டிக் இல்லை. இரண்டும் தண்ணீர் நிறம். ஒன்று எண்பது டிகிரியில் கொதிக்கும், மற்றது எண்பத்தொன்றில். ஃப்ரிட்ஜில் வைத்தால் இரண்டும் உறையும். இரட்டைப் பிள்ளைகள் மாதிரிதான். ஆனால் எரித்தால் பென்சீன் கரியைக் கக்கும், சைக்ளோஹெக்சேன் பெரிதாகப் புகையாது. சைக்ளோஹெக்சேன் குப்பிக்கு வெறும் அறுகோணம், பென்சீனுக்கு உள்ளே வட்டம் வைத்த அறுகோணம் என்று குறி போட்டேன். ரொம்பப் படித்தவள் என்று எனக்கே என்மேல் ஒரு பெருமை.

இங்கேதான் என் மூளை போன போக்கைப் பாருங்கள். மெழுகு எதில் கரையும்? பென்சீனில் கரையும். சைக்ளோஹெக்சேனில் கரையும். விரல் கிரீஸைத் தினமும் அதில் துடைக்கிறவள், அதே குப்பியின்மேல் மெழுகால் எழுதி வைத்தேன். குறி போட்ட பிறகு குப்பியை நிரப்பும்போது வழிந்திருக்கிறது. காலையில் வந்து பார்த்தால் இரண்டு குப்பியின் தோளிலும் ஒரு பழுப்புத் தீற்றல்தான் மிச்சம்.

மற்ற நாளாயிருந்தால் மூடியைத் திறந்து ஒரு மணம் பிடித்திருப்பேன், முடிந்தது. அன்று எனக்குச் சரியான ஜலதோஷம். மூக்குக்குப் பக்கத்தில் மீன் சந்தையே வந்தாலும் தெரியாது. எக்ஸ்டேர்னல் சார் வந்து உட்கார்ந்துவிட்டார், பிள்ளைகள் வாசலில் நிற்கிறார்கள். டீச்சரிடம் போய்ச் சொல்லியிருக்கலாம். வெட்கப்பட்டேன். இடப்பக்கம் இருப்பது சைக்ளோஹெக்சேன், நான் எப்போதும் அப்படித்தானே வைப்பேன் என்று நினைத்து, இரண்டுக்கும் மறுபடி குறி வரைந்தேன். முந்தின நாள் சாயங்காலம் ஷெல்ஃபைத் துடைக்க எல்லாக் குப்பியையும் இறக்கி ஏற்றியது நான்தான் என்பது நினைவுக்கு வரவே இல்லை.

ஒன்பதாம் மேஜைக்குப் பென்சீன், பதினாலாம் மேஜைக்குச் சைக்ளோஹெக்சேன் என்பது பட்டியல். இடம் மாறிய குப்பிகளிலிருந்து ஊற்றிக் கொடுத்துவிட்டேன்.

ஒன்பதில் பிஜு. சிரித்த முகம், ஊருக்கெல்லாம் கூட்டாளி, புத்தகத்துக்கு மட்டும் எதிராளி. பதினாலில் ரமணி. கரமனை அக்கிரகாரத்துப் பெண். எல்லாப் பாடமும் தேறி இந்தச் செய்முறையில் மட்டும் இரண்டு தடவை விழுந்தவள். பழைய பாடத்திட்டத்துக்காரர்களுக்கு அதுதான் கடைசி வாய்ப்பு. ஒரு பால் பண்ணையின் சோதனைக்கூடத்தில் அவளுக்கு வேலை தயாராக இருந்தது, பட்டம் கையில் வர வேண்டியதுதான் பாக்கி. அவளுக்குத் தெரியாது என்றில்லை. இரண்டு தடவையும் சரியாக எழுதியதை அடித்துவிட்டுப் பக்கத்து மேஜைக்காரர் எழுதியதை எழுதி வைத்தவள். 'அந்தக் குட்டிக்கு அவளைத் தவிர எல்லாரையும் விசுவாசம்' என்று டீச்சர் ஒருமுறை சொன்னார்.

மத்தியானம் எழுதி முடித்து, ஒவ்வொருவராக வாய்மொழித் தேர்வுக்குப் போனார்கள். நான் பின்னறையில் மேஜை மேஜையாகத் தட்டுகளை எடுத்துவந்து கழுவிக்கொண்டிருந்தேன். கதவு பாதி திறந்திருந்தது. எக்ஸ்டேர்னல் சாரின் குரல் கேட்டது. கொல்லத்துக்காரர், வெள்ளைச் சட்டை, வெள்ளை வேட்டி, சாயங்கால ரயிலைப் பிடிக்கும் அவசரம்.

"அரோமேட்டிக்னு எழுதியிருக்கு. கரும்புகை, நைட்ரேஷனில் மஞ்சள் எண்ணை. இதெல்லாம் எவிடே கண்டது? லிஸ்ட்டில் சைக்ளோஹெக்சேன் அல்லே?"

"வந்தது சார். நான் பார்த்தேனே" என்றாள் ரமணி.

"பர்னர் புகையா இருக்கும். மஞ்சள் ஆசிட்டின்றெ நிறம். மனசில் ஒன்றை நினைச்சுக்கொண்டு செய்தால் கண்ணும் அதையே காணும்."

அப்போது என் கையில் இருந்தது பதினாலாம் மேஜையின் தட்டு. அதிலிருந்த ஸ்பாட்டுலாவை எடுத்தேன். எரித்துப் பார்க்க உதவும் சின்ன நிக்கல் கரண்டி அது. நுனியிலிருந்து பாதி வரைக்கும் கெட்டியாகக் கரி. சைக்ளோஹெக்சேன் ஜென்மத்தில் இவ்வளவு கரி பிடிக்காது. அடியில் கிடந்த ஒன்பதாம் மேஜைத் தட்டைப் பார்த்தேன். அந்த ஸ்பாட்டுலா காலையில் நான் வைத்த பளபளப்போடு அப்படியே இருந்தது. ஷெல்ஃப் துடைத்தது, குப்பி இறக்கியது எல்லாம் வரிசையாக ஞாபகம் வந்தது.

எனக்கு வேலை நிரந்தரமாக இன்னும் இரண்டு மாதம் இருந்தது. அதற்குள் பரீட்சையில் குளறுபடி என்று ஒரு புகார் போனால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும். இந்தத் தப்பு உலகத்தில் என் ஒருத்திக்குத்தான் தெரியும். அதற்குச் சாட்சி என் கையில் இருக்கிற ஸ்பாட்டுலா. குழாய் திறந்து தண்ணீர் விழுந்துகொண்டிருக்கிறது, பக்கத்தில் சோப்புப் பொடி. கழுவுவது என் வேலை. கழுவினால் யாரும் ஒரு கேள்வி கேட்க முடியாது. பத்து எண்ணும் நேரமா, நூறு எண்ணும் நேரமா தெரியவில்லை, நின்றேன். கேவலமாக இருக்கிறது எழுதுவதற்கு. ஆனாலும் நின்றேன்.

பிறகு ஸ்பாட்டுலாவை அப்படியே பிடித்துக்கொண்டு உள்ளே போனேன்.

"டீச்சரே, ஒரு நிமிஷம். இது எனக்க தப்பாக்கும்" என்றேன். மூக்கடைப்பில் அது யாருக்கும் சரியாக விளங்கவில்லை. எக்ஸ்டேர்னல் சார் நிமிர்ந்து பார்த்தார்.

டீச்சர் என் முகத்தைப் பார்க்கவில்லை, ஸ்பாட்டுலாவைப் பார்த்தார். "எத்தனையாம் மேஜை?"

"பதினாலு."

"கழுவியோ?"

"இல்ல டீச்சர்."

"ஒன்பதில் உள்ளது?"

"அதுல கரியே இல்ல. ரெண்டு குப்பியும் மாறிப்போச்சு. குறி அழிஞ்சு கெடந்து, நான் நெனப்புல வரஞ்சேன்."

அவ்வளவுதான். அவர் எழுந்து எக்ஸ்டேர்னல் சாரிடம், "சார், பத்து நிமிஷம். பாக்கி உள்ள திரவத்தை நாம் சோதிக்கலாம்" என்றார்.

"டீச்சர் கையெழுத்து இட்ட லிஸ்ட் அல்லே இது?" என்று அவர் தாளைத் தட்டிக் காட்டினார்.

"அது வெறும் கடலாசுத் தாள். தீயிடம் கேட்கலாம்."

டீச்சர் புதிய ஸ்பாட்டுலா ஒன்றை எடுத்து, முதலில் வெறுமனே பர்னரில் சிவக்கக் காய்ச்சி, ஆறவிட்டார். பழைய அழுக்கு ஏதும் பொய் சொல்லிவிடக் கூடாது என்பதற்கு அது. ரமணியின் சோதனைக் குழாயிலிருந்து இரண்டு சொட்டு விட்டார். சுடரின் ஓரத்தில் காட்டினார். குப்பென்று மஞ்சளாகப் பற்றி, அதன் உச்சியிலிருந்து நூல் நூலாகக் கரி கிளம்பியது. மேலே மின்விசிறி ஓடிக்கொண்டிருந்ததை யாரும் கவனிக்கவில்லை. ஒரு கரித்துணுக்கு மெதுவாக மிதந்துவந்து எக்ஸ்டேர்னல் சாரின் வெள்ளைச் சட்டைப் பாக்கெட்டுக்கு மேலே உட்கார்ந்தது. அவர் விரலால் தட்டினார். தட்டினால் கரி போகுமா? இழுத்துக்கொண்டு பொத்தான் வரைக்கும் வந்தது.

யாரும் சிரிக்கவில்லை. நான் மூக்கைச் சீந்துவதுபோல முந்தானையால் வாயை மூடிக்கொண்டேன்.

ஒன்பதாம் மேஜைத் திரவத்தையும் எரித்தார். அது சாதுவாக எரிந்து அணைந்தது. பிறகு பதினாலில் நைட்ரிக் அமிலமும் கந்தக அமிலமும் சேர்த்து, வெதுவெதுப்பான நீரில் வைத்துக் குலுக்கி, குளிர்ந்த தண்ணீரில் ஊற்றினார். அடியில் மஞ்சள் எண்ணெய் துளித்துளியாக இறங்கியது. எக்ஸ்டேர்னல் சார் கையால் விசிறி மணம் பார்த்தார். "கசப்பு வாதுமை" என்றார். பென்சீனிலிருந்து வரும் நைட்ரோபென்சீனின் மணம் அது. இவ்வளவு நேரம் விறைப்பாக இருந்தவர் குரல் தணிந்துவிட்டது. நல்ல மனுஷர்தான், பட்டியலை நம்பினார், அவ்வளவே. ரமணியின் தாளை எடுத்து, போட்டிருந்ததை அடித்துப் புதிதாக எழுதி, பக்கத்தில் கையெழுத்து இட்டு, அவளிடமே காட்டினார். "குட்டி ஜயிச்சு" என்றார். ரமணி அந்தத் தாளைத் தொடக்கூட இல்லை, கையைப் பின்னால் கட்டிக்கொண்டு எட்டிப் பார்த்தாள்.

அப்போதுதான் டீச்சருக்கு ஒன்று தோன்றியது. பிஜுவின் விடைத்தாளை எடுத்து வாசித்தார். 'மஞ்சள் சுடர். கனத்த கரும்புகை. ஆகவே அரோமேட்டிக். பென்சீன்.' பிஜுவைக் கூப்பிட்டார்கள்.

"மோனே, இந்தக் கரும்புகை எவிடே கண்டது?" என்று எக்ஸ்டேர்னல் சார் கேட்டார்.

பிஜு என்னைப் பார்த்தான், ஸ்பாட்டுலாவைப் பார்த்தான், சட்டையிலிருந்த கரியைப் பார்த்தான். பொய் சொல்லிப் பிரயோஜனமில்லை என்று தெரிந்துகொண்டான்.

"சார், எஸ்தர் சேச்சி ஊத்தின குப்பியில உள்ளே வட்டம் வரைஞ்சிருந்தது. அதுல கண்டேன்."

இந்தத் தடவை எக்ஸ்டேர்னல் சாரே சிரித்துவிட்டார். பிஜுவுக்கு வேறு பொருள் கொடுத்து முதலிலிருந்து செய்யச் சொன்னார்கள். வாழ்க்கையில் முதல் தடவையாகப் பரிசோதனை செய்து, தத்தித் தத்தித் தேறினான். இப்போதும் பழவங்காடியில் பிள்ளையாருக்குத் தேங்காய் உடைக்க வரும்போது என்னைப் பார்த்தால், "வட்டச் சேச்சீ!" என்று ரோடு முழுக்கக் கேட்கும்படி கூப்பிடுகிறான்.

சார் ரயிலுக்குப் போன பிறகு, நடந்ததை எழுதித் தரச் சொன்னார் டீச்சர். நான் எழுதினேன்: 'குப்பியின்மேல் இருந்த குறியைப் பென்சீன் அழித்துவிட்டது. நான் உறுதி செய்யாமல் மறுபடி வரைந்தேன்.' டீச்சர் வாசித்தார். சிவப்பு மையால் முதல் வாக்கியத்தை அடித்தார்.

"பென்சீன் அதின்றெ வேலை செய்தது. எஸ்தர் செய்தது மாத்திரம் எழுது."

எனக்கு மெமோ வந்தது. நிரந்தரமாவது ஆறு மாதம் தள்ளிப்போனது. அந்த மெமோவை எழுதியதும் டீச்சர்தான், என்னை வைத்துக்கொள்ளலாம் என்று மேலே எழுதிப் போட்டதும் டீச்சர்தான். மறுநாள் காலையில் என் மேஜைமேல் ஒரு சின்னத் தைலக் குப்பி இருந்தது. அதில் டீச்சர் கையெழுத்தில் 'தைலம்' என்று லேபிள் ஒட்டி, தண்ணீர் பட்டாலும் போகாதபடி மேலே டேப் சுற்றியிருந்தது. அந்த வாரமே கண்ணாடியைக் கீறும் வைரப் பென்சில் ஒன்றும் வாங்கினோம். அதற்குப் பிறகு எங்கள் ஆய்வகத்தில் மெழுகால் யாரும் எதையும் எழுதவில்லை, பிள்ளைகள் பார்க்கும்படி வட்டமும் போடவில்லை.

மெமோவும் தைலமும் பிறகு வந்தவை. பரீட்சை நடந்த அன்றைக்குச் சாயங்காலம், வேலை முடிந்து கீழே வந்தேன். பஸ் நிறுத்தத்தில் ரமணி நின்றுகொண்டிருந்தாள், கரமனை பஸ்ஸுக்காக. எனக்கு அவள் முகத்தில் முழிக்கப் பயம். ஆனாலும் போய், "மன்னிச்சுக்கிடு ரமணி. எனக்க தப்புக்கு ஒன்னத் திட்டு வாங்க வச்சிட்டேன்" என்றேன்.

"ஐயோ, அதெல்லாம் வேண்டாம்க்கா" என்றாள். பிறகு, "ஒண்ணு சொல்லட்டுமா அக்கா? சார் லிஸ்டைப் பார்த்துட்டு 'எவிடே கண்டது'ன்னு கேட்டாரே, அப்ப திடமாத்தான் சொன்னேன். ஆனா பர்னர் புகை, ஆசிட் நிறம்னு அவர் சொல்லச் சொல்ல எனக்கே சந்தேகம் வந்துடுத்து. நான் என்னத்தைப் பெரிசாப் பார்த்துட்டேன்னு தோணித்து. 'புகை வரலை சார், நான்தான் தப்பா எழுதிட்டேன்'னு சொல்ல வாயைத் தொறந்துட்டேன். அப்பத்தான் நீங்க உள்ள வந்தேள்" என்றாள்.

அவள் அதைச் சொல்லியிருந்தால் எக்ஸ்டேர்னல் சார் தாளை மூடியிருப்பார். அவளே ஒப்புக்கொண்ட பிறகு, குழாயடியில் நிற்கிற நான் வாயைத் திறந்திருப்பேனா? திறந்திருக்க மாட்டேன். என்னை எனக்குத் தெரியும். நல்லவேளை என்று நிம்மதியாகக் கழுவி வைத்திருப்பேன்.

அதை மறைத்துக்கொண்டு அவள் பக்கத்தில் நிற்க முடியவில்லை. சொல்லிவிட்டேன்.

"நான் ஒடனே வரல ரமணி. அந்தக் கரண்டியக் கையில வச்சுக்கிட்டுக் கொழாயடியில நின்னேன். தண்ணி தொறந்து கெடந்து. கழுவிப் போட்டுரலாம்னுதான் நெனச்சேன். உள்ளதச் சொல்லுதேன்."

ரமணி திரும்பி என்னை ஒரு பார்வை பார்த்தாள். என்ன சொல்லப் போகிறாள் என்று தெரியாமல் நான் தலையைக் குனிந்துகொண்டேன். அதற்குள் பஸ் வந்துவிட்டது. கூட்டத்தோடு அவளும் நகர்ந்தாள். ஏறிவிட்டாள் என்றுதான் நினைத்தேன். படியில் ஒரு காலை வைத்துக்கொண்டு, பின்னால் நிற்பவர்கள் முணுமுணுக்க, என் பக்கம் திரும்பி நன்றாகச் சிரித்தாள்.

"அலம்பலையோன்னோ அக்கா? அது போறும்" என்று சொல்லிவிட்டு உள்ளே ஏறிக்கொண்டாள்.